மகளோடு நின்றுவிடும் கொடிவழி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் விக்டோரியா மகாராணியின் கொடிவழியை முழுப்பக்கத்தில் போட்டிருந்தீர்கள். 42 பேரப்பிள்ளைகளில் ஜேர்மனியின் இரண்டாம் வில்ஹெல்மும் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜோர்ஜும் பெரிய எழுத்தில் இருந்தார்கள். மகள் அலிஸின் கிளை மட்டும் அவர் பெயரோடு நின்றுவிட்டது. அந்தக் கிளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அலிஸின் மூத்த மகள் விக்டோரியா. அவருடைய மகளுக்கும் அலிஸ் என்றே பெயர். அந்த அலிஸின் மகன்தான் எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப். மூத்த அலிஸின் இளைய மகள்களில் ஒருவரான அலெக்சாண்ட்ரா, ரஷ்யாவின் கடைசிச் சார் மன்னரை மணந்தவர். எங்கள் முறையில் சொன்னால் பிலிப்பின் அம்மம்மாவுடைய தங்கை. 1918 ஜூலையில் அந்தக் குடும்பம் முழுவதையும் சுட்டுக் கொன்று புதைத்தார்கள். 1991 இல் யெகாத்தரின்பேர்க் அருகே எலும்புகளைத் தோண்டியெடுத்த பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கப் பிலிப் இரத்தம் கொடுத்தார். அலெக்சாண்ட்ராவின் எலும்போடும் அவருடைய மூன்று மகள்களின் எலும்புகளோடும் அது பொருந்தியது.

தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மரபணு ஒன்று இருக்கிறது. மகனுக்கும் அது கிடைக்கும், ஆனால் அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது. ஒவ்வொரு கலத்திலும் அதன் பிரதிகள் நிறைய இருப்பதால் பழைய எலும்பிலும் அகப்படும்.

நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். என் தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற் போனான். காணாமற் போனவர்களின் உறவினர்கள் போராட்டத்துக்காகக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 இல் போட்ட பந்தலில் அம்மா அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர். அவரும் போய்விட்டார். யாரும் அவரிடம் ஒரு துளி இரத்தம் எடுத்து வைக்கவில்லை. 2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்த செய்தியைப் படித்துவிட்டு, "அம்மாவும் இல்லை, இனி எதை வைத்துப் பார்க்கப் போகினம்?" என்று தங்கை அழுதாள்.

அம்மாவிடம் இருந்தது என்னிடமும் இருக்கிறது. தங்கையிடமும், அவளுடைய மகனிடமும், சின்னம்மாவின் மகளிடமும் இருக்கிறது. தம்பியின் மகனிடம்தான் அது இல்லை. அவனுடைய இரத்தம் வேறு சோதனைகளுக்கு உதவும். இதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன?

அப்பா ஒரு கொப்பியில் எங்கள் கொடிவழியை எழுதி வைத்திருந்தார். இடம்பெயர்வில் அது தொலைந்தது. இருந்திருந்தாலும் இந்தக் காரியத்துக்கு உதவியிராது. ஆண்கள் பக்கம் ஏழு தலைமுறை இருந்தது; பெண்களை "கட்டிக் கொடுத்தது" என்று ஊர்ப் பெயரோடு முடித்திருந்தார். அம்மம்மாவின் தங்கைமார் எங்கே வாழ்ந்தார்கள், பிள்ளைகள் யார் என்று இப்போது பரந்தன், முறிகண்டி, கனடா என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள்.

ஆகவே ஒரு கேட்பு. அடுத்த ஞாயிறு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். காணாமற் போனவர், அவருடைய தாய், தாயின் உடன்பிறந்த பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று வெற்றுக் கட்டங்கள் போட்டு, வீட்டிலிருந்தே நிரப்பக்கூடிய மாதிரி அச்சிடுங்கள். எங்கள் வீதியில் பதினொரு வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, கூட இருந்து எழுதிக் கொடுக்கிறேன்.

இளைப்பாறிய வரலாற்று ஆசிரியை,
வட்டக்கச்சி.