சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு வணக்கம். பொது மண்டபத்து வெளிச்சுவரில் நம் பழைய படங்களைக் காட்டப்போகிறோம். அதற்குப் பணம் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளி முடிந்த கையோடு வீடு வீடாக வந்து பழைய படங்கள் கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது, சாமி அறையில் மாட்டியிருந்தது, கரையான் பாதி தின்றது என்று 200-க்கு மேல் சேர்ந்தன. லயத்து வாசல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், தீமிதி, ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள், வாளியும் கையுமாகப் பாட்டிகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சட்டம் போட்டு மாட்டிக் கண்காட்சி வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. வருவார்கள், பார்ப்பார்கள், மீ கோரேங் சாப்பிட்டுப் போவார்கள். அதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2001-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் ஒன்று செய்தார். தெருவில் எடுத்த முகப் படங்களைப் பெரிய சுவரில் புரொஜெக்டரால் காட்டினார். ஆனால் படம் தெரியாது. தரையில் வைத்த பலமான விளக்குகள் சுவர் முழுக்க ஒளியைக் கொட்டி அதை அழித்துவிடும். யாராவது விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் போனால், அவர் நிழல் விழும் இடத்தில் மட்டும் முகம் தெரியும். விளக்குக்குப் பக்கத்தில் நின்றால் நிழல் 25 மீட்டர், சுவரை நெருங்கினால் ஆள் உயரம். அத்தனை முகங்களும் நிழலுக்குள் வந்த பிறகுதான் அடுத்த வரிசைப் படங்கள்.

தோட்டத்துத் திடலில் படம் போட்ட காலத்தில் திரையில் தலை தெரிந்தால் "உட்காருடா!" என்று கத்துவோம். இங்கே தலை தெரிந்தால்தான் படமே. ஒருவர் நின்றால் பாட்டியின் கொண்டை தெரியும். கையில் இருக்கும் வாளி தெரிய இன்னொருவர் வர வேண்டும். விளக்கை ஒட்டி நிற்கும் நண்டு சிண்டு ஒன்று, படத்தில் நிற்கும் தோட்டத் துரையைவிட உயரமாக வளர்ந்துவிடும்!

இதைத்தான் பள்ளி விடுமுறையில் பொது மண்டபத்து வெளிச்சுவரில் இரண்டு இரவு செய்யப்போகிறோம். வெள்ளையடித்தது குழுவினரின் கைக்காசு. மிச்சத்துக்கு 6,800 வெள்ளி (ரிங்கிட்) வேண்டும், கையில் 2,300 இருக்கிறது. பெரிய செலவு புரொஜெக்டர் வாடகைதான். இரவல் வாங்கிய சின்னதைப் போட்டுப் பார்த்தோம். அவ்வளவு பெரிய சுவரில் விரித்ததும் மங்கிப்போய்ப் பாட்டி ஆவி மாதிரி தெரிந்தார். அப்புறம் விளக்குகள், ஜெனரேட்டர், கணினியைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குக் கூலி. ஒரு வாடகைக் கடையில் 300 வெள்ளி முன்பணம் கொடுத்து ஏமாந்ததையும் மறைக்கவில்லை. அதைக் குழுவே ஏற்றுக்கொண்டது, உங்கள் பணத்தில் கை வைக்கவில்லை.

தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற நேரத்தில், 1960-இல், அவற்றைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக, அப்போது அமைச்சராக இருந்த நம்ம ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் 10 வெள்ளி கேட்க எங்களுக்குக் கூச்சமில்லை. கூடக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்.

ஞாயிறு காலை ரசீதுப் புத்தகத்தோடு வருவோம். ரசீது வாங்காமல் ஒரு காசும் தராதீர்கள். கரையான் தின்ற படம் இன்னும் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழு