தூசி என்று நினைத்த இறகுகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ எடிட் செய்யும் நடனப் போட்டி நிகழ்ச்சியில் ஒரு ஷாட் இரண்டு விநாடிக்கு மேல் நின்றாலே தயாரிப்பாளர் முகம் சுளிக்கிறார் என்றாய். அப்படியிருக்க, நான் கொண்டாடும் 'டாப் ஹாட்' என்ற அந்தப் பழைய அமெரிக்கப் படத்தில் இரண்டு பேர், ஷாட் மாறாமல், வெட்டே இல்லாமல் ஆடிக்கொண்டிருப்பதை இந்தக் காலத்தில் யார் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்றும் கேட்டாய். கோடம்பாக்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எடிட்டிங் மேசையின் முன் உட்கார்ந்து பிழைத்தவனிடம் மகள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனக்குப் பேச்சைவிட எழுத்து சற்று நிதானமாக வரும் என்பதால் எழுதுகிறேன்.

'டாப் ஹாட்' படத்தை நான் முதலில் பார்த்தது, நீ பிறப்பதற்கு முன்பு, ஒரு திரைப்படச் சங்கம் திரையிட்ட பதினாறு மில்லிமீட்டர் பிரதியில். ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில், அவர்களைச் சுற்றி வெள்ளைத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. திரையிடும் பிரதியான பாசிட்டிவில் தூசி இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். பிரதி எடுக்கும் மூலச் சுருளான நெகட்டிவில் இருந்தால்தான் வெள்ளையாக விழும் என்பது உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. எனவே, எந்த லேபில் இவ்வளவு அலட்சியமாக நெகட்டிவைக் கையாண்டார்கள் என்று படம் முடியும்வரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது தூசி அல்ல, நாயகியின் உடையிலிருந்து உதிர்ந்த தீக்கோழி இறகுகள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த இறகுகளின் கதை இதுதான். ஆடை வடிவமைப்பாளர் பெர்னார்ட் நியூமனோடு சேர்ந்து ஜிஞ்சர் விரும்பிச் செய்துகொண்ட உடை அது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெண்மையாகத் தெரிந்தாலும் உண்மையில் இளநீல நிறம். அதை அணிந்து ஆடத் தொடங்கியதும் இறகுகள் பிய்ந்து அஸ்டேரின் கறுப்புக் கோட்டிலும் கண்ணிலும் மூக்கிலும் போய் ஒட்டின. அவர் கோபத்தில் கத்தினார். முந்தைய படத்தில் அணிந்த வேறோர் உடையைப் போட்டுக்கொள்ளும்படி இயக்குநர் மார்க் சாண்ட்ரிச் சொல்லிப் பார்த்தார். ஜிஞ்சரும், உடன் இருந்த அவருடைய தாயாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறகுகளை மறுபடியும் இறுக்கித் தைத்துக் கொண்டுவந்த பிறகும் சில உதிர்ந்தன. படப்பிடிப்பு அப்படியே நடந்தது. பிறகு அஸ்டேரும் நடன உதவியாளர் ஹெர்மிஸ் பானும் அதே பாட்டின் மெட்டில் இறகுகளைக் கிண்டல் செய்து பாடிக் காட்டினார்களாம். சில நாள் சென்று தங்கத்தில் ஒரு சிறு இறகு ஜிஞ்சருக்குப் பரிசாக வந்தது. அதுமுதல் அவருக்கு 'இறகு' என்பதே செல்லப்பெயர் ஆயிற்று. 1948-ல் ஜூடி கார்லண்டுடன் நடித்த வேறொரு படத்தில், இறகு உதிர்க்கும் உடையை வைத்து அஸ்டேர் தன்னைத்தானே கேலியும் செய்துகொண்டார்.

என்னையோ உன்னையோ போன்றவர்களுக்கு இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது கோபமோ பரிசோ அல்ல. உதிர்ந்த இறகுகள் ஏன் இன்னும் படத்தில் இருக்கின்றன என்பதுதான். வேறு எவராக இருந்தாலும் இறகு பறக்கும் இடத்தில் ஒரு வெட்டு வைத்து, வேடிக்கை பார்க்கும் ஒருவரின் முகத்தைக் காட்டி, அதே ஆட்டத்தை மறுபடி படம்பிடித்த, இறகு அடங்கிய இன்னொரு டேக்கிற்குத் தாவியிருப்பார். வெட்டு என்பது பெரும்பாலும் எதையாவது மறைப்பதற்கான திரை என்பதை இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகுதான் நான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டேன். அஸ்டேர் அந்தத் திரையை வேண்டாம் என்று சொன்னவர். நடனம் நடக்கும்போது தலை முதல் கால்வரை முழு உருவமும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், கேமரா அவர்களோடு நகர வேண்டும், இயன்றவரை ஒரே ஓட்டமாகப் படம் பிடிக்க வேண்டும், நடுவில் யாருடைய முகத்துக்கும் போகக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

அந்த நிபந்தனை முதல் நாளிலேயே நிறைவேறிவிடவில்லை. இருவரும் முதன்முதலில் சேர்ந்து தோன்றிய 1933-ஆம் ஆண்டுப் படமான 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில் அவர்கள் நாயகன் நாயகியே அல்லர். பெயர்ப் பட்டியலில் ஜிஞ்சருக்கு நான்காவது இடம், அஸ்டேருக்கு ஐந்தாவது. நெற்றியோடு நெற்றி முட்டி அவர்கள் ஆடும் 'கரியோகா'வைப் பார்த்தால், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் படம் கூட்டத்துக்கும் குழு நடனத்துக்கும் ஓடிவிடுவதைக் காண்பாய். அக்காலத்தில் வார்னர் நிறுவனத்தில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி, உயரத்திலிருந்து கேமராவை இறக்கி, நூறு பெண்களைப் பூவிதழ்களாக விரித்தும் சுருக்கியும் காட்டிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு மேதைமைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஆடுவது கேமரா. உன் நிகழ்ச்சியும் அந்த வழியில் வந்ததுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

1935-ல் 'டாப் ஹாட்' வரும்போது நிலைமை மாறிவிட்டது. அதன் எடிட்டர் வில்லியம் ஹாமில்டன் அந்த நடனங்களில் என்ன செய்தார் என்று கேட்டால், பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அது எவ்வளவு கடினமான வேலை என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நானும் ஒரு முறை, இடுப்புக்கு மேல் நாயகனையும் கால்களுக்கு இன்னொரு நடனக்காரரையும் வைத்து ஒரு பாட்டை ஒட்டிக்கொடுத்தேன். திரையரங்கில் விசில் பறந்தது. எனக்கு மட்டும் அந்தப் பாட்டு முடியும்வரை தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெட்டாமல் இருப்பதற்கு விலை உண்டு, அதை ஆடுகிறவர்கள் கட்ட வேண்டும். வாரக்கணக்கான ஒத்திகையில், வேறு படங்களில் நடித்துக்கொண்டிருந்த ஜிஞ்சர் வந்து சேரும்வரை அவருடைய பங்கை ஹெர்மிஸ் பான் ஆடி அஸ்டேருக்கு ஈடுகொடுப்பார். பிறகு அதையே ஜிஞ்சருக்குக் கற்பிப்பார். 1936-ல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி நடனத்தில், மாடிப்படிகளில் ஏறி முடியும் இறுதிப் பகுதிக்கு நாற்பத்தேழு டேக்குகள் எடுத்தார்கள். கடைசி அடியில் கால் பிசகினாலும் முதலிலிருந்து ஆட வேண்டும். விடியற்காலைக்குள் ஜிஞ்சரின் காலணிக்குள் இரத்தம் கசிந்திருந்தது. நானாக இருந்தால் பன்னிரண்டாவது டேக்கின் முற்பாதியையும் முப்பதாவதின் பிற்பாதியையும் ஒட்டி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே கண்டுபிடித்து என்னை மடக்குவாய். படத்தில் வெட்டு இல்லாவிட்டாலும் ஒலியில் ஒட்டு உண்டு. காலடித் தாளங்கள் பின்னர் தனியாகப் பதிவு செய்யப்பட்டவை. ஜிஞ்சருடையவை என்று நாம் கேட்பவற்றில் பல ஹெர்மிஸ் பானின் கால்களிலிருந்து வந்தவை.

இப்போது உன் அடுத்த கேள்வி. 'அஸ்டேர் செய்த எல்லாவற்றையும் ஜிஞ்சர் பின்பக்கமாகவும், குதிகால் உயர்ந்த செருப்போடும் செய்தார்' என்ற வாசகத்தைச் சொல்லி, பிறகு ஏன் அவர் பெயர் இரண்டாவதாக வருகிறது என்றாய். அது ஜிஞ்சரோ அக்காலத்து விமர்சகரோ சொன்னதல்ல. 1982-ல் பாப் தேவ்ஸ் என்ற கேலிச்சித்திரக்காரர் எழுதியது. அதில் நியாயம் இருக்கிறது: ஜிஞ்சருக்கு அஸ்டேரைவிடக் குறைந்த ஊதியமே கொடுத்தார்கள். ஆனால் ஜிஞ்சரின் பங்கைக் கால்களால் மட்டும் அளந்தால் அவருக்கே குறை வைத்ததாகும். இதை எனக்குச் சொன்னது உன் அம்மா. நீ வாங்கிக்கொடுத்த பட வட்டில் நாங்கள் இருவரும் 'டாப் ஹாட்' படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நீங்கள் கால்களையே பார்க்கிறீர்கள், அந்தப் பெண் எப்படிக் கேட்கிறாள் என்று பாருங்கள்" என்றாள்.

அன்று ரிமோட்டை எடுத்துப் பின்னோக்கிப் போனேன். இலண்டன் பூங்கா ஒன்றில் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் குதிரைச் சவாரி உடையுடன் ஜிஞ்சர் உட்கார்ந்திருக்கிறார். அஸ்டேர் அவருடைய முதுகைப் பார்த்துப் பாடுகிறார். அஸ்டேருக்குத் தெரியாத முகம் நமக்குத் தெரிகிறது: முதலில் சலிப்பு, பிறகு அடக்கிக்கொள்ளும் சிரிப்பு, பாட்டு முடியும்போது ஏதோ ஒரு முடிவு. பாடியவர் எழுந்து சட்டைப்பையில் கையைவிட்டு நடக்கத் தொடங்க, ஜிஞ்சரும் அதேபோல் கையைவிட்டுக்கொண்டு அவர் நடையைக் கேலி செய்தபடி பின்னால் வருகிறார். இடி இடிக்கிறது, வேகம் கூடுகிறது. நீண்ட நேரம் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. தோள் தோளாக, போட்டி போட்டபடி ஆடுகிறார்கள். கடைசியில் மண்டபத்தின் விளிம்பில் உட்கார்ந்து கைகுலுக்கிக்கொள்கிறார்கள்; முத்தமோ தழுவலோ இல்லை. பின்பக்கமாக ஆடியவர் என்ற பேச்சுக்கு இந்த நடனத்தில் இடமே இல்லை.

கன்னத்தோடு கன்னம் வைக்கும் காட்சியில் இந்தக் கேட்டல் இன்னும் ஆழமாகிறது. கதை என்று பார்த்தால் சிறுபிள்ளைத்தனமான ஆள்மாறாட்டம்தான்: தன்னைக் காதலிக்கும் இந்த மனிதன் தன் தோழியின் கணவன் என்று நாயகி தவறாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோழியோ, இருவரும் நெருங்கி ஆடும்படி கண்ணாலேயே ஊக்கப்படுத்துகிறாள். பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான இர்விங் பெர்லினின் அந்தப் பாட்டில் ஜிஞ்சருக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் வேண்டும் என்ற ஆசையும் கூடாது என்ற கலக்கமும் அவர் முகத்தில் மாறிமாறி வந்து போவதால்தான், அஸ்டேரின் மெல்லிய குரல் அவ்வளவு பெரிய காதலாக நம் காதில் விழுகிறது. அந்த இடத்தில் ஜிஞ்சரை விட்டுவிட்டு வேறொரு முகத்துக்கு வெட்டினால் பாட்டே செத்துப்போகும்.

இவ்வளவுக்கும், இந்த ஜோடி நிலைக்க வேண்டும் என்று அஸ்டேர் ஆசைப்படவில்லை. சிறுவயது முதல் கூட ஆடிய அக்கா அடேல் 1932-ல் திருமணம் செய்துகொண்டு மேடையை விட்டுப் போன பிறகு, இன்னொரு ஜோடியின் பாதியாக அறியப்படுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஜிஞ்சருக்கும் தனியாக நடிக்கும் கனவு இருந்தது. 1940-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கு ஆஸ்கரும் வாங்கினார். ஆனாலும் 1939-க்குள் ஒன்பது படங்கள், 1949-ல் வண்ணத்தில் ஒன்று என்று பத்துப் படங்களில் சேர்ந்து ஆடினார்கள்.

பொங்கலுக்கு நீ வரும்போது அந்தக் காட்சியை மூவரும் சேர்ந்து பார்க்கலாம். ரிமோட் என் கையில்தான் இருக்கும். முதல் முறை கால்களைப் பார், இரண்டாம் முறை அம்மா சொன்ன முகத்தைப் பார். மூன்றாம் முறை, நடனக்கூடத்துக்கு நடுவில் ஜிஞ்சர் முழுதாகப் பின்னால் வளைந்து எழும்போது, அவர்களைச் சுற்றிக் காற்றில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் எத்தனை என்று எண்ணிச் சொல். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது.

அன்புடன்,
அப்பா