வியாழக்கிழமை ஒரு மணி நேரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். சின்னவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டாயே, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ கேட்ட பழைய நோட்டுகளையெல்லாம் மாடியிலிருந்து இறக்கித் தூசி தட்டி ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டேன். அதை அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது எந்த நோட்டிலும் இல்லை, ஃபோனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நாங்கள் டாலஸுக்கு வந்த புதிதில் உனக்கு ஐந்து வயது. நம் சபையில் ஒரு அக்கா தன் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டிருந்தார். டெக்சஸில் அதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக நடந்துகொள்வது, இந்த ஐந்தையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் போதும், வீடும் ஒரு தனியார் பள்ளிதான் என்று 1994இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார். கூடவே படித்துப்பார் என்று ஒரு ஜெராக்ஸ் கட்டும் கொடுத்தார். 1947இல் டாரதி சேயர்ஸ் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் ஆக்ஸ்போர்டில் பேசிய உரை அது. ஐரோப்பாவில் இடைக்காலத்துப் படிப்பில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று படிகள் இருந்தன, பிள்ளை வளர்வதும் அதே மூன்று படியாகத்தான் என்பது அதன் சாரம். சின்ன வயதில் கிளிப்பிள்ளை மாதிரி எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும், அதற்கும் பிறகு தனக்கென்று சொல்ல ஒன்று வந்து அதை அழகாகச் சொல்லத் துடிக்கும்.

அன்று இரவு அதைப் படித்தபோது எனக்கு ஆக்ஸ்போர்டு தெரியவில்லை, பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டுத் திண்ணைதான் தெரிந்தது. விளக்கு வைத்ததும் ஆத்திசூடி, அது முடிந்ததும் வாய்ப்பாடு, ராச்சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம், 23ஆம் சங்கீதத்தைத் திக்காமல் சொன்னால்தான் தட்டில் சோறு. பொருள் புரியாமல் நெட்டுருப் போடுவது மோசம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினோரு நாளும் எனக்கு வாயில் வந்தது எட்டு வயதில் பொருள் தெரியாமல் படித்த 121ஆம் சங்கீதம்தான். அதனால் மனப்பாடத்தை விடாதே. யார் என்ன சொன்னாலும் விடாதே.

அந்த முறையில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த லத்தீன் விஷயத்துக்கு வருகிறேன், நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. எனக்கு லத்தீன் தெரியாது, உனக்கு ஒரு பாடம் முன்னால் நான் படித்துக்கொண்டே வந்தேன். முதலில் பயமாக இருந்தது, அப்புறம்தான் பிடி கிடைத்தது. மென்ஸா என்றால் மேசை, மென்ஸாம் என்றால் மேசையை, மென்ஸாய் என்றால் மேசைக்கு. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஆறு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தை நீ ஒரு வாரத்தில் தாண்டினாய், வீட்டில் தமிழ் பேசியதால். நம் மேசையே லத்தீனிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல்தான் என்று தெரிந்த அன்று நீயும் தம்பியும் வீட்டையே சுற்றிச்சுற்றி வந்தீர்கள், நினைவிருக்கிறதா? சாவி, ஜன்னல், அலமாரி, பாதிரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ரோமாபுரியின் பணத்தில் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று பிளினி என்கிற ரோம எழுத்தாளர் புலம்புகிற வரியை மொழிபெயர்த்த அன்று, சமையலறைக்குப் போய் மிளகு டப்பாவைத் தூக்கிவந்து அப்பாவின் முன்னால் வைத்தாய்.

அந்த நாட்களுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

சூசன்னா வெஸ்லியைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் எப்வொர்த் என்கிற ஊரில் ஒரு போதகரின் மனைவி, 19 பிள்ளைகள் பெற்று அதில் ஏறக்குறையப் பாதியைக் குழந்தையாகவே பறிகொடுத்தவர், மிஞ்சியவர்களுக்குத் தன் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஒரு நாளை ஒதுக்கி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து என்று உட்கார்ந்து, ஒரே நாளில் எழுத்து முழுவதையும் கற்றுக்கொடுத்துவிடுவார். இரண்டு மகள்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். மறுநாளே ஆதியாகமம் முதல் அதிகாரம். இதையெல்லாம் 1732 ஜூலையில் அவர் எழுதியதும் ஒரு கடிதத்தில்தான், தன் வளர்ந்த மகன் ஜான் கேட்டதற்காக. நான் அந்த டைம்டேபிளைப் பார்த்து மயங்கிப்போனேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, இரண்டிலிருந்து ஐந்து, அப்படியே எடுத்து நம் வீட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அதே தாய் இன்னொன்றும் செய்தார். வாரத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிள்ளைக்கு. அந்த நேரத்தில் பாடம் கிடையாது, அந்தப் பிள்ளையின் மனதில் இருப்பதைத் தனியாக உட்கார்ந்து பேசுவது மட்டும்தான். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் பெரியவராகி ஆக்ஸ்போர்டில் இருக்கும்போது, அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தில் கொஞ்சத்தை எனக்கு இப்போதும் தர முடியுமா என்று அம்மாவுக்கு எழுதினாராம். எழுத்துக் கற்றுக்கொண்ட நாளை அவர் கேட்கவில்லை பார்.

நமக்கும் வியாழக்கிழமை இருந்தது. தம்பி தூங்கியதும் நீயும் நானும் பின்பக்கப் படியில் டீயோடு உட்காருவோம். மூன்றரை மணிக்கு மஞ்சள் பஸ் வந்து நிற்கும்போது ஜன்னலில் ஏன் நிற்கிறாய் என்று உன்னிடம் கேட்டதும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு லாக்கர் இருக்கிறது எனக்கில்லை என்று நீ சொன்னதும் அங்கேதான். பதில் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் நீ சொன்னாய், நான் கேட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதானபோது லத்தீனில் பாக்கி விழ ஆரம்பித்தது. வாரத்தில் எங்கே நேரம் இருக்கிறது என்று தேடினேன், வியாழக்கிழமை ராத்திரிதான் காலியாகத் தெரிந்தது. ஒரு வாரம் மட்டும் என்று வினைத்திரிபுப் பட்டியலை அங்கே கொண்டுவந்தேன். அடுத்த வாரமும் கொண்டுவந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வேண்டாம் என்றாய். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் வாரத்தில், குடும்ப ஜெபத்தில், கல்லறையில் எத்தனை தூதர்கள் இருந்தார்கள் என்று கேட்டாய். மத்தேயுவில் ஒருவர், லூக்காவில் இரண்டு பேர், எது சரி? சாமி காரியத்தில் விதண்டாவாதம் பேசாதே என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். எட்டு வருஷமாக நான் சுவரில் ஒட்டிவைத்திருந்த மூன்று படிகளின் அட்டவணையில் பதின்மூன்று வயதுக்கு நேராக, தர்க்கம், கேள்வி கேட்கும் பருவம் என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. நீ அதைத்தான் செய்தாய் மக்களே. நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததை எனக்கே செய்து காட்டினாய், நான் அதைக் கீழ்ப்படியாமை என்றேன்.

அப்பாதான் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். யார் போனார்கள், எப்போது போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி பதினொன்று வரை எழுதினீர்கள். மாற்கில் அந்த இடத்தில் தூதன் என்கிற சொல்லே இல்லை, வாலிபன் என்றுதான் இருக்கிறது என்று நீ கண்டுபிடித்துச் சொன்னது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. நான் வந்து உட்கார்ந்திருக்கலாம், வரவில்லை. அதற்குப் பிறகு உன் கேள்வியெல்லாம் அப்பாவிடம்தான் போனது. காலேஜில் இரண்டு வருஷம் நீ ஆலயத்துக்கே போகாமல் இருந்தாய் என்பதும் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ராத்திரிதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை என்னிடம் சொல்ல உனக்கு ஒரு வியாழக்கிழமை இல்லாமல் போனது, அதை எடுத்தது நான். என்னை மன்னித்துவிடு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சொல்லிக்கொடு என்றுதான் சொல்வேன். நீ இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தில் எங்களைப் போல் சும்மா இருக்க முடியாது, பிள்ளைக்கு எட்டு வயதானால் வருஷாவருஷம் செப்டம்பர் 15க்குள் பள்ளி மாவட்டத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், 11 பாடம், வருஷத்துக்கு ஒரு தேர்வோ மதிப்பீடோ உண்டு. உன் டிகிரியே போதும், தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டாம். அவனுக்கு இப்போதுதான் நான்கு, அவசரமில்லை. நம் 247 எழுத்தையும் ஒரே நாளில் திணிக்கப் பார்க்காதே. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத விடு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு அப்படித்தான் கற்றார், இருபத்து நான்கு வயது ஆள், சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ ஆ எழுதினார். லத்தீன் பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், தமிழ் முதலில் வரட்டும்.

அவனுக்கு வாரத்தில் எந்த நாள் என்று நீயும் மாப்பிள்ளையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். அந்த நேரத்தில் எத்தனை பாக்கி இருந்தாலும் புத்தகம் வரக்கூடாது. நீ களைத்துப்போயிருந்தாலும், அவன் ஒன்றும் பேசாமல் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாலும் உட்கார். வியாழக்கிழமையை மட்டும் எடுத்துவிடாதே, அது எனக்கு வேண்டும். உங்கள் நேரத்துக்கு ராத்திரி எட்டு மணி, அவன் தூங்கிய பிறகு, ஃபோன் பண்ணுவாயா?

பெட்டி திங்கட்கிழமை தபாலில் போகிறது. வரலாற்றுச் சுருள், தம்பி கிறுக்கின கணக்கு நோட்டு உட்பட எல்லாம் இருக்கிறது. அந்த நான்கு கட்டம் போட்ட தாள் மட்டும் இல்லை. அப்பா அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார், கேட்டுப்பார்த்தேன், தரமாட்டேன் என்கிறார். ஜெராக்ஸ் எடுத்துக் கூட வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா