மாட்டிக்கொண்டார்கள்தானே என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பா,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேரனுக்கு பருல்கர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கடைசியில மாட்டிக்கிட்டாங்கல்ல, அப்புறம் என்னப்பா?" என்றாய். சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் விமானப்படை விமானி திலீப் பருல்கரின் சுகோய்-7 போர் விமானம் 1971 டிசம்பர் 10 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த மாதமே இந்திய-பாகிஸ்தான் போர் முடிந்தும், பாகிஸ்தானின் ராவல்பிண்டி போர்க்கைதி முகாமில் இருந்த நம் விமானிகளுக்கு ஊர் திரும்ப வழி பிறக்கவில்லை. பருல்கர், கிரேவால், ஹரிஷ் சிங்ஜி மூவரும் அறைச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார்கள். ஊசியைக் காந்தமாக்கித் திசைகாட்டி செய்தார்கள். விமானிகள் போடும் ஜி-சூட் உடையின் ரப்பர் பைகள் தண்ணீர்ப் பைகளாயின. அந்த சூட்டை நான் எத்தனையோ தடவை சோதித்துக் கொடுத்திருக்கிறேன். வயிற்றிலும் தொடையிலும் காற்று ஏறி இறுக்கும் பைகள் அவை. இருபது வருஷ சர்வீஸில் அதில் தண்ணீர் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை!

1972 ஆகஸ்ட் 12 இரவு, புயல் காற்றுக்கு நடுவே வெளியேறினார்கள். பெஷாவருக்கு பஸ். மறுநாள் காலையில் லண்டி கோட்டல். ஆப்கன் எல்லை சில மைல்தான். அங்கே "லண்டி கானா எங்கே?" என்று விசாரித்தார்கள். அவர்கள் நம்பிய பழைய வரைபடத்தில் அது ரயில் நிலையம். ஆனால் 1932லேயே அங்கே ரயில் நின்றுபோயிருந்தது. மூடி நாற்பது வருஷமான ஸ்டேஷனை உள்ளூர்க்காரன் எவன் தேடுவான்? தாசில்தார் அலுவலகத்து ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

நீ நிறுத்திய இடத்தில்தான் எனக்குக் கதையே இருக்கிறது. உளவாளி என்று அங்கேயே சுட்டிருப்பார்கள். பருல்கரோ, "பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியின் உதவியாளர் உஸ்மானிடம் பேச வேண்டும்" என்றார். உஸ்மான் ஹமீது அவர்களுடைய பழைய முகாம் அதிகாரி. போனில் குரலைக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. நம் ஆட்கள்தான், பத்திரமாக வைத்திருங்கள் என்று தாசில்தாரிடம் சொன்னார். தன் காவலில் இருந்த கைதிகளுக்காக! சொல்லாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

1972 டிசம்பர் 1 அன்று வாகா வழியாக எல்லோரும் திரும்பினார்கள்.

பேரனிடம் இந்த போன் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவனைப் பேச வை.

அன்புடன்,
அப்பா