பத்தி எழுத ஒப்புக்கொள்

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஆளை வறுத்தெடுக்கிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டு நீவச் சொன்னேனே, செய்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் தங்கச்சி போன் பண்ணினாள். பேப்பரில் வாரம் ஒரு பத்தி, அதுதான் காலம், எழுதச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்களாம். நீ "யோசித்துச் சொல்கிறேன்" என்று இழுத்தடிக்கிறாயாம். லாங்கு பஜார் டீக்கடையில் அடுத்தவர் பேப்பரை வாங்கித் தலையங்கத்தில் ஒற்றுப்பிழை பார்த்த ஆள் நீ. உனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? சம்மதிக்கவில்லை என்றால் குடியாத்தம் லாரிக் கதையை உன் பேரனிடம் சொல்லிவிடுவேன்.

நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். "நான் டெஸ்க் ஆள். செய்தியைச் சுருக்குவேன், தலைப்புப் போடுவேன். கருத்துச் சொல்ல நான் யார்?" அப்புறம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் பேப்பர் ஆசிரியர் ஸ்காட்டை இழுப்பாய். கருத்தை யாரும் சொல்லலாம், உண்மையில்தான் கைவைக்கக் கூடாது என்று அவர் 1921-இல் எழுதியதை நீ சொல்லாத நாளே கிடையாது. ஆனால் எதிராளியின் குரலுக்கும் காது கொடுக்க வேண்டும், மனம் திறந்து பேசுவதைவிட நியாயமாகப் பேசுவது மேல் என்றும் அதே கட்டுரையில்தான் எழுதியிருக்கிறார். பத்தி எழுதுகிறவனுக்கு வேறு இலக்கணம் வேண்டுமா?

போன வாரம் வாணியம்பாடிப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பாலாற்றங்கரையில் ஒரு பெரியவரின் நிலத்தைப் பார்த்தேன். மோட்டாரைப் போட்டு, வந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினார். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. "வாயில வெச்சிப் பாருங்க" என்றார். நாக்கில் பட்டதும் துப்பிவிட்டேன். வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். பட்டா, ரேஷன் கார்டு நகல், அவற்றோடு மடித்து வைத்த பேப்பர் கட்டிங். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரி 30-இல் தந்த தீர்ப்புச் செய்தி. அதில் ஒரு வரியைப் பேனாவால் கோடிட்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்களில் இன்னும் பணம் வராதவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு தர வேண்டும் என்ற வரி. "இது எந்த ஆறு வாரம் சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது மணி.

அதே கோர்ட் 1996 ஆகஸ்டில் தந்த முதல் தீர்ப்பு உனக்கு மறந்திருக்காது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ கொஞ்சமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வும் அதில் பதிவாகியிருக்கிறது. அன்றைக்குப் பேப்பரில் வந்தது. 2025 தீர்ப்பும் வந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷம். அந்த இருபத்தெட்டு வருஷத்தை யார் எழுதுவது?

நிருபரைக் குறை சொல்லவில்லை. காலையில் கலெக்டர் ஆபீஸ் மனு, மத்தியானம் விபத்து, சாயங்காலம் கட்சிக் கூட்டம். அவர் போட்டதைத்தான் திரும்பப் போட்டால், "போன மாசம் வந்துச்சே, இப்ப புதுசா என்ன?" என்று டெஸ்க்கில் கேட்பீர்கள். நீயே கேட்டிருப்பாய். பழைய விஷயத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை பேப்பரில் ஒருவருக்குத்தான் உண்டு, அது பத்தியாளர். அதே கிழமை, அதே இடம், அதே பெயர். "இரண்டு மாதம் முன்பு இதை எழுதினேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" என்று அவர் தொடங்கலாம். வேறு யாரும் அப்படிச் செய்தியைத் தொடங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு, இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். வேலூர் பதிப்பில் வரும் உள்ளூர்ச் செய்தி பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டாது. மதுரைக்காரர் அதைப் பார்க்கவே மாட்டார். சென்னையில் கோட்டையில் இருப்பவர் பார்ப்பாரா? பத்தி வரும் நடுப்பக்கம் அப்படியில்லை, எல்லாப் பதிப்புக்கும் போகும். 1996-இல் ஒன்றாக இருந்த நம் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. உள்ளூர்ப் பக்கமும் அதற்கேற்ப உடைந்தது. பாலாறு மூன்று மாவட்டத்துக்கும் ஒன்றுதான். ராணிப்பேட்டையில் மூடிய ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடந்ததையும், இந்தப் பெரியவரின் வாய்க்காலையும் ஒரே கட்டுரையில் சேர்த்துச் சொல்ல நடுப்பக்கத்தை விட்டால் இடம் இல்லை.

அதற்காக ஆலையைத் திட்டி எழுதச் சொல்லவில்லை. விடிந்ததும் ஆம்பூர் ரோட்டில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறாயே, அவர்கள் வீட்டு அடுப்பும் இந்தத் தோலில்தான் எரிகிறது. அவர்களிடமும் போய்க் கேள். ஏசி அறையை விட்டு நகராமல் வாராவாரம் உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லும் பத்திகளைப் படித்துப் படித்து எனக்கு வெறுத்துவிட்டது. கிரிக்கெட், தேர்தல், தங்க விலை, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் கருத்து உண்டு, ஒரு ஊரின் பெயர் இருக்காது.

நம்மிடம் நல்ல முன்னோடிகள் இல்லையா? பாரதி சுதேசமித்திரனில் 'தராசு' என்ற பத்தியில் ஒரு கடையில் தராசை வைத்து, வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் அதைப் பதில் சொல்ல வைத்தார். ஏ.என். சிவராமன் தினமணி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரத்தை எழுதினார். ஆங்கிலப் பேப்பர் எட்டாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! ஞாநியை எடுத்துக்கொள். 'ஓ பக்கங்கள்' என்ற தன் பத்தியை விகடனில் தொடங்கி, குமுதத்துக்கும் கல்கிக்கும் கொண்டு போனார். வாசகர்களும் கூடவே போனார்கள். அவரோடு எனக்குப் பாதி விஷயத்தில் ஒத்துப்போகாது, ஆனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பேன். யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்பது தெரிந்திருந்தது. தப்பு என்றால் அவர் பேரைச் சொல்லியே சண்டை போடலாம்.

உனக்கு எதற்குத் தயக்கம்? நாற்பது வருஷம் மற்றவர்கள் எழுதியதில் பொய்யையும் மிகையையும் வெட்டிய கை அது. அந்தக் கையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. கட்சிக்காரர் யாராவது கூப்பிட்டுக் காபி கொடுத்தால் குடி, அடுத்த வாரப் பத்தியை மட்டும் அங்கே பேசாதே.

சனிக்கிழமை ராத்திரி ரயிலைப் பிடித்து ஞாயிறு காலை காட்பாடியில் இறங்கு. வண்டியோடு வந்து நிற்கிறேன். நேரே வாணியம்பாடிக்குப் போகலாம், பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு தீர்ப்புகளின் நகலையும் எடுத்து வா. இழப்பீட்டு உத்தரவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தேடித் தருவது என்பதையும் விசாரித்து வை. உன் தங்கச்சிக்கு இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு பை கட்டித் தருகிறேன், திரும்பும்போது மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
கண்ணன்