நம்ம பாட்டுக் கூட்டத்துக்க ஆண்டறிக்கை – செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணாச்சிக்கும் பொருளாளர் அக்காவுக்கும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல்னு பல பக்கத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்க கூட்டுக்காரங்களுக்கும், வீடியோ கால்ல உக்காந்திருக்க துபாய், மஸ்கட் ஆளுங்களுக்கும் சேர்த்துதான் வாசிக்கேன்.

போன பொதுக்கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டோம். வாட்ஸ்அப் குரூப்புல பாட்டு போடுறவங்க சும்மா லிங்க மட்டும் தட்டிவிட்டுட்டு போகக்கூடாது, எழுதினது யாரு, இசை யாரு, பாடினது யாரு, எந்த வருசம், பெரவு அந்த பாட்டு உங்களுக்கு ஏன் பிடிக்கும்னு சொந்தமா ரெண்டு வரி எழுதணும்னு. மொதல்ல கொஞ்சம் பேரு முணுமுணுத்தாங்க, பாட்டு கேக்கதுக்கு பரீட்சையான்னு கூட ஒருத்தர் கேட்டாரு, ஆனா ஒரு மாசம் தாண்டுனதும் பாட்ட விட அந்த ரெண்டு வரிய படிக்கதுக்குன்னே ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்கு போற தம்பி, விடியக்காலம் தலையில லைட்ட கட்டிகிட்டு தோட்டத்துல நடக்கும்போ கேக்கணும், ராத்திரியே போட்டு வைங்கன்னு கேட்டாரு. அதுல இருந்து படுக்கதுக்கு முன்னாடி ஒரு பாட்டு போடுறது நம்ம வழக்கமாயிடுச்சு.

ஜூன் மாசம்தான் நமக்கு திருவிழா. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3, ஆனா அந்த தேதி கலைஞருக்க பிறந்தநாளுன்னு அவரு மரியாதைக்காக 2ஆம் தேதிக்கு மாத்திகிட்டாரு, அதனால நம்மளும் 2ஆம் தேதிதான் கொண்டாடினோம். 4ஆம் தேதி எஸ்.பி.பி. அதுக்கு பெரவு 24. கண்ணதாசன் 1927 ஜூன் 24, எம்.எஸ்.வி 1928 ஜூன் 24. ஒருத்தர் காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி, இன்னொருத்தர் பாலக்காட்டு பக்கம் எலப்புள்ளி, ஒரு வருச வித்தியாசத்துல ஒரே தேதியில பிறந்து ஒரே ஹார்மோனியத்துக்கு முன்னாடி வந்து சேர்ந்திருக்காங்க, இத நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம் தீரல. அன்னைக்கு ராத்திரி வரை மெட்டுக்கு பாட்டா, பாட்டுக்கு மெட்டான்னு வாக்குவாதம் போச்சு, யாரும் கோவிச்சுகிட்டு குரூப்ப விட்டு போகல, அது நம்ம கூட்டத்துக்க பெருமை.

ஜூலை 27 நம்ம ஊருக்காரங்களுக்கு ரெட்டை சந்தோசம். தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தது 1876ல அதே தேதி, பாடகி திருவனந்தபுரம் சித்ரா 1963ல அதே தேதி. காலையில டீச்சர் அக்கா கவிமணிக்க குழந்தைப் பாட்ட சின்னப் பிள்ளைங்கள வச்சு பாட வச்சு அனுப்புனாங்க, சாயங்காலம் சித்ராம்மா, அதுவும் 1985 சிந்து பைரவிக்கு தேசிய விருது வாங்குன பாட்டுல இருந்து தொடங்கி. தமிழ் பாதி மலையாளம் பாதின்னு போச்சு, நம்ம மாவட்டத்துல அது அப்படித்தான் இருக்கும், அத யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நவம்பர் 29 கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்காக நாகர்கோவில் மணிமேடையில இருக்க அவருக்க சிலைகிட்ட கூடினோம். 1908ல ஒழுகினசேரியில பிறந்தவரு, 1936ல எம்.ஜி.ஆருக்க மொதல் படமான சதிலீலாவதியில இவரும் நடிச்சாரு, பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல மாட்டி ஜெயில்ல கிடந்து 1947ல விடுதலையாகி வந்து திரும்பவும் ஊர சிரிக்க வச்ச மனுசன். காலேஜ் பிள்ளைங்க கொஞ்சம் பேருக்கு சிலை தெரியும், ஆள தெரியல. அன்னைக்கு அவருக்க காமெடி கிளிப் பாத்துட்டு அதுங்களே தேடி தேடி போட ஆரம்பிச்சது எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

உறுப்பினர் பிறந்தநாளு விசயம். வீட்டுல ரகசியமா கேட்டு அவங்களுக்கு பிடிச்ச பாட்ட தெரிஞ்சு, இலங்கை வானொலியில முன்னாடி பேரு வாசிப்பாங்களே அதே மாதிரி ஊரையும் பேரையும் சொல்லி வாய்ஸ் மெசேஜா போடுறோம். தூத்தூர்ல இருந்து ஆழ்கடலுக்கு போற அண்ணனுக்க பிறந்தநாளு அவரு கடல்ல இருக்கும்போ வந்துச்சு, சிக்னல் கிடையாது. படகு கொச்சி துறைமுகத்துல அணைஞ்சதும் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுட்டு, படகுல இருந்த எல்லாரும் சேர்ந்து பாடி அனுப்புனாங்க. இன்ஜின் சத்தத்தோட இருக்க அந்த ரெக்கார்டிங்க யாரும் அழிச்சிராதீங்க மக்கா.

இந்த வருசம் நம்ம ஆபரேட்டர் அண்ணாச்சி தவறிட்டாரு. தியேட்டர்ல வெளிச்சத்துக்கு கார்பன் குச்சி எரிச்சு படம் ஓட்டுன காலத்து ஆளு. ரெண்டாயிரம் அடி ரீலு ஒண்ணு இருபது நிமிசத்துக்கு சொச்சம் ஓடும், முடியப் போகும்போ திரையில வலது மேல் மூலையில ஒரு வட்டம் மின்னும், அத பாத்த உடனே அடுத்த புரொஜக்டர ஓட விடணும், கண்ண அந்தண்டை இந்தண்டை திருப்ப முடியாதுன்னு வாய்ஸ்ல சொல்லித் தந்தாரு. இசையமைப்பாளர் பேரு தப்பா போட்டா அவருதான் பொறுமையா திருத்துவாரு. அவருக்க நம்பர குரூப்புல இருந்து எடுக்க வேண்டாம்னு அவருக்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க, எடுக்கல.

ஒரு கண்டிப்பான விசயம். உயிரோட இருக்க பாடகருக்கு அஞ்சலின்னு ஃபார்வேர்ட் வருது, அத நம்ம குரூப்புலயும் போட்டாங்க. அந்த பாடகருக்க வீட்டு ஆளுங்க அத பாத்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. இனி செய்தி உறுதியாகாம யாரும் கண்ணீர் படம் போடக்கூடாது, போட்டா அட்மின் அழிப்பாங்க.

முட்டத்துல லைட்ஹவுஸ் பக்கம் கூடி, 1986ல அங்கயே ஷூட்டிங் எடுத்த கடலோரக் கவிதைகள் பாட்டெல்லாம் பாடினோம், போட்டோ குரூப்புல கிடக்கு. ஸ்பீக்கர் வாடகை, டீ, வடை செலவுக்கு கணக்க பொருளாளர் அக்கா அடுத்து வாசிப்பாங்க.

வாற வருசத்துக்கு ஒரே வேலைதான், நம்ம வீடுகள்ல கிடக்க வில்லுப்பாட்டு கேசட்டு, கோயில் கொடை திருவிழாவுல ரெக்கார்டு பண்ணுன கேசட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கணும். ரெண்டு மழையும் பெய்யுத ஊரு இது, பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அதுக்காக தூக்கி போட்டுராதீங்க, தொடச்சு சரி பண்ண ஆள் இருக்கு. கேசட்டு வச்சிருக்கவங்க சாப்பிட போறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்க தம்பிகிட்ட பேரு எழுதிக் குடுத்துட்டு போங்க.