தூரை விட்டுவிட்டு மரத்தைத் திட்டுகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் சீமைக்கருவேலத்தை ஒழிக்கக் கோரும் கடிதங்களும் வந்துவிடுகின்றன. கண்மாய்க்குள்ளும் அதற்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலிலும் நிற்பதை எடுக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வேறெதுவும் தலையெடுக்காத உவர்த் தரிசில் நிற்பதும் இதே மரம்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அடியில் கட்டிய மாடு மலடாகும் என்ற வாட்ஸ்அப் கதைகளை நம்பி அதையும் அழிக்க வேண்டுமா? 1877-இல் ஜமைக்கா விதையைக் கொண்டுவந்து கடப்பைப் பக்கம் ஊன்றியதே வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்றுதான்.

அந்த விறகைத்தான் இன்று மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். நான்கைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண் பூசி, அடியில் காற்றுத்துளை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். அது கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டினால் துளைகளை அடைக்க வேண்டும். நடுவில் மண்பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் அந்தப் பக்கம் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் ராத்திரியிலும் காவல் உண்டு. மூட்டம் சூடு ஆறுமுன் பிரித்தாலும் வினைதான்: காற்றுப் பட்டதும் கரி மறுபடி கனன்று, மூட்டையோடு எரிந்துபோய்விடும்.

இந்த மரத்தின் முற்றிய காயான நெற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இனிப்பு உண்டு, புரதம் 12 சதவீதம் அளவுக்கு உண்டு. இலையைத் தொடாத ஆடுமாடுகள் நெற்றை விரும்பித் தின்னும். முழு நெற்றாகத் தின்றால் விதை செரிக்காமல் சாணியோடு விழுந்து அங்கேயே முளைக்கும். மரம் இவ்வளவு பரவியதில் இந்த வழிக்குப் பெரும் பங்கு உண்டு. பொடித்துக் கொடுத்தால் விதையும் தீவனமாகிவிடும், பரவலும் குறையும். நெற்று கையால் ஒடித்தால் 'படக்'கென்று முறிகிற அளவுக்குக் காய வேண்டும். ஈரம் இருந்தால் அதிலுள்ள சர்க்கரை இளகி அரவை இயந்திரத்தின் சல்லடையை அப்பிக்கொள்ளும். காலை அரவை வேண்டாம், உச்சி வெயிலுக்குப் பிறகு அரைப்பதே நல்லது. தவிடு, புண்ணாக்கு போன்றவை சேர்ந்த அடர்தீவனம் 100 கிலோவில் 20 கிலோ வரை கலக்கலாம். மாதக்கணக்கில் நெற்றை மட்டுமே போட்டால் தாடை நரம்பு கெட்டு மாடு மெல்ல முடியாமல் இளைத்துப்போகும்.

ஒழிக்க வேண்டிய இடத்திலாவது சரியாக ஒழிக்கிறோமா? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது பரபரப்பாக வெட்டினோம். முழங்கால் உயரத்தில் வெட்டிய மரம் சாகாது. ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்து கிளைக்கும். தரையிலிருந்து ஓர் அடி ஆழம் வரை தூரை, அதாவது அடிக்கட்டையை வேரோடு, பறித்தால்தான் துளிர் வராது. மண்ணில் கிடக்கும் விதை அதன் பிறகும் பல ஆண்டுகள் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும்.

கண்மாய் மரத்தை ஏலம் எடுப்பவர் விறகை ஏற்றிக்கொண்டு தூரை விட்டுப்போவது வழக்கம். தோண்டும் கூலி அதிகம். இத்தனைக்கும் கெட்டியான கரி தூர்க்கட்டையில்தான் கிடைக்கும். ஊராட்சிகள் ஏல நிபந்தனையில் 'தூரோடு' என்று எழுதட்டும்; அடுத்த மழைக்குப் பிறகு கண்மாயைப் பார்த்துவிட்டு ஏலம் எடுத்தவரின் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முதுகுளத்தூர்.